ஒட்டப்பிடாரத்து வக்கீலும் கொழும்புக் கப்பலும்

தூத்துக்குடியிலிருந்து வடக்கே செல்லும் சாலையில், பனையும் உடைமரமும் ஆங்காங்கே நிற்கும் வெட்டவெளியைக் கடந்து பாஞ்சாலங்குறிச்சிக்கு வருகிற யாத்திரிகர்கள், 1974-ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையைச் சுற்றிப் பார்த்து, 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டு, வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். பழைய கோட்டையின் அடித்தளங்கள் அருகிலேயே கிடக்கின்றன. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பி வந்த கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, கிழக்கிந்தியக் கும்பினியார் இடித்துத் தரைமட்டமாக்கிய அந்தக் கோட்டையைச் சில தினங்களுக்குள் மண்ணாலேயே மீண்டும் எழுப்பி, மே மாதக் கடைசி வரையில் பெரும் பீரங்கிப் படையை எதிர்த்து நின்றார் என்பதையும், அந்த முற்றுகையில் எதிர்த்தரப்பிலிருந்து போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலத் தளபதியே பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் அவரை வியந்து எழுதினார் என்பதையும் அறிந்தவர்கள், அந்த இடத்தை விட்டு எளிதில் நகரமாட்டார்கள்.

அங்கிருந்து சில மைல் தொலைவில் ஒட்டப்பிடாரம் இருக்கிறது. அதற்கும் போய் வருகிறவர் தொகை குறைவு. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1872 செப்டம்பர் 5 அன்று பிறந்த இல்லம் அங்கே நினைவகமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. கட்டபொம்மனின் கதையும் சிதம்பரனாரின் கதையும் நம்மவர்களுக்குச் சினிமாவின் வாயிலாகவே பெரிதும் தெரியும்; ஒன்று 1959-இலும் மற்றொன்று 1961-இலும் வெளிவந்தன, இரண்டையும் இயக்கியவர் பி. ஆர். பந்துலு, இரண்டிலும் நடித்தவர் சிவாஜி கணேசன். அப்படங்களால் விளைந்த நன்மை பெரிது. எனினும் வெள்ளித்திரை ஒரு மனிதனைப் பிறவி வீரனாகவே நமக்குக் காட்டிவிடுவதனால், அவன் வீரனாவதற்கு முன்னர் நம்மைப் போலவே காலையில் எழுந்து, கச்சேரிக்குப் போய், மாலையில் வீடு திரும்பிக்கொண்டிருந்த சாதாரணக் குடும்பஸ்தன் என்பது மறந்துபோகிறது. நான் எழுத விரும்புவது அந்தக் குடும்பஸ்தனைப் பற்றியே.

வழக்கம் என்பது இழிவான வஸ்து அன்று. காலையில் எழுந்தவுடன் பல் துலக்குவது முதல், அலுவலகத்துக் கணக்கைக் கூட்டுவது வரையில், திரும்பத் திரும்பச் செய்யும் காரியங்களை மனம் சிறிது சிறிதாகத் தன் கவனத்திலிருந்து இறக்கிக் கைகளிடம் ஒப்படைத்துவிடுகிறது. அப்படி ஒப்படைக்காவிட்டால் நாம் ஒரு நாளைக் கடத்துவதற்குள் களைத்துப் போவோம். ஆனால் அதே மனம், கவனம் தேவைப்படாத ஜீவனத்துக்குப் பழகிவிட்டால், கவனம் தேவைப்படும் எதையும் ஆபத்தாகவே கருதத் தொடங்கிவிடுகிறது. தோல்வியுற்றவனுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவன் எப்படியும் வேறு வழி தேடியாகவேண்டும். தன் தொழிலில் நன்றாக ஜெயித்துக்கொண்டிருக்கிறவனுக்கே அந்தக் கட்டை அறுப்பது கடினம். சிதம்பரனாரின் வாழ்க்கையில் என்னை ஆட்கொள்கிற பகுதி இதுதான்.

தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீல். மகன் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் படித்து, சிறிது காலம் தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து, பின்பு திருச்சிராப்பள்ளிக்குச் சென்று சட்டம் பயின்று, 1894-இல் பிளீடர் பரீட்சையில் தேறி ஒட்டப்பிடாரத்திலேயே தொழிலைத் தொடங்கினார். கிரிமினல் வழக்குகளில் அவருக்கு இருந்த சாமர்த்தியமும், ஏழைகளுக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாடும் சுபாவமும், போலீசாரின் பகையையும் ஜனங்களின் அன்பையும் ஒருங்கே சம்பாதித்துக் கொடுத்தன. 1900-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அங்கேயும் தொழில் செழித்தது. மனைவி மக்கள், நண்பர் கூட்டம், தமிழ் நூல்களில் ஆழ்ந்த ஈடுபாடு, சைவ சித்தாந்த விசாரணை என்று ஒரு கனவான் விரும்பக்கூடிய அனைத்தும் அவருக்கு வாய்த்திருந்தன. முப்பத்துநான்கு வயதில், ஒரு சிறு நகரத்து வக்கீலுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

அக்காலத்துத் தூத்துக்குடித் துறைமுகத்தைச் சற்று மனக்கண்ணில் கொண்டுவர வேண்டும். கரையோரக் கடல் ஆழமற்றது. ஆகையால் நீராவிக் கப்பல்கள் சில மைல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்க, மூட்டைகளும் மனிதர்களும் படகுகளில் ஏறி அலைகளினூடே சென்று கப்பலை அடைவார்கள். சென்னையிலிருந்து ரயில் நேரே தூத்துக்குடிக்கு வரும். இறங்கியவர்கள் அங்கேயே கப்பலேறிக் கொழும்பு போவார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடி மார்க்கம் ஏற்படும்வரையில் இலங்கைக்குப் பெருவழி இதுவே. தேயிலைத் தோட்டத்துக் கூலி ஜனங்களும், அரிசி, புடவை, கருவாட்டு வியாபாரிகளும் இவ்வழியேதான் போய் வந்தார்கள். இந்தப் பெருவழி முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்ற ஒரே வெள்ளையர் நிறுவனத்தின் கையில் இருந்தது. கட்டணம் அவர்கள் வைத்ததுதான். மரியாதையும் அவர்கள் கொடுத்ததுதான்.

1905-இல் வங்காளம் பிரிக்கப்பட்டதை ஒட்டி எழுந்த சுதேசிக் கிளர்ச்சி தென்கோடிக்கும் பரவியது. சென்னை சென்றிருந்தபோது ராமகிருஷ்ண மடத்தின் ராமகிருஷ்ணானந்தரைச் சந்தித்த சிதம்பரனார், சுதேசியமே நாட்டுக்கு உய்வு தரும் என்ற உறுதியோடு ஊர் திரும்பினார். இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகக் கவனிக்க வேண்டும். அவர் திடீரென்று வக்கீல் அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கப்பல் வாங்கப் புறப்படவில்லை. முதலில் நெசவுச் சாலை ஒன்றும், சுதேசிப் பண்டகசாலை ஒன்றும், கைத்தொழில் சங்கம் ஒன்றும் ஏற்படுத்தினார். ஜனங்களைக் கூட்டவும், பணம் திரட்டவும், கணக்கு வைக்கவும் அவற்றில் பழகிக்கொண்டார். அதன் பின்னரே கண் கடலின்மேல் சென்றது. கப்பலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? பயணியாக அதில் ஏறுகிற எவருக்கும் தெரிந்த அளவுதான். ஆனால் சாசனம் எழுதத் தெரியும், விதிகளை வகுக்கத் தெரியும், எதிரே உட்கார்ந்திருப்பவரின் சந்தேகத்தை வார்த்தையால் தீர்க்கத் தெரியும். ஜீவனோபாயமாகப் பயின்ற வித்தையையே புதிய காரியத்துக்குக் கருவியாக்கிக்கொண்டார். பழைய வாழ்க்கையை முற்றிலும் தூக்கி எறிந்தால்தான் புதியது தொடங்கும் என்று பலர் நினைத்து மலைத்து நின்றுவிடுகிறார்கள்; அந்த அபிப்பிராயம் சரியன்று என்பதற்கு இவர் சாட்சி.

1906 அக்டோபர் 16 அன்று சுதேசிக் கப்பல் கம்பெனி சட்டப்படி பதிவாயிற்று. கட்டபொம்மன் தூக்கிலேறிய தேதியும் அதுவே. இது தற்செயலாக இருக்கலாம், ஆயினும் பாஞ்சாலங்குறிச்சிச் சீமையில் பிறந்தவர்களுக்கு அந்தப் பொருத்தம் நெஞ்சில் தைக்காமல் இராது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசகர். இவர்களையெல்லாம் ஒன்றுசேர்த்த மனிதர் தமக்கு வைத்துக்கொண்ட பதவி உதவிக் காரியதரிசி.

முத்துக்குளித்துறையின் அனுபவத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் சிறப்பு எளிதில் விளங்கும். மன்னார் வளைகுடாவின் பாரில் முத்துச் சிப்பி எடுக்க இறங்குகிறவன், கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாரத்தோடு சில பாக ஆழத்துக்கு விரைந்து இறங்குவான். அடியில் அவனுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு நிமிஷம். கழுத்திலோ இடுப்பிலோ தொங்கும் வலைப்பையில் கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வாரிப் போட்டுக்கொண்டு கயிற்றை ஓர் இழுப்பு இழுப்பான். மேலே தோணியில் நிற்பவன் அந்த இழுப்புக்காகவே கண்ணும் கருத்தும் வேறெதிலும் செலுத்தாமல் காத்திருந்து, உடனே தூக்குவான். இதனால்தான் குளிப்பவர்கள் கயிறு பிடிக்கிறவனை மிகுந்த ஜாக்கிரதையோடு தேர்ந்தெடுத்தார்கள். பல இடங்களில் அவன் நெருங்கிய உறவினனாகவே இருந்தான். 1955 முதல் 1961 வரையில் நடந்த குளிப்புகளே தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்புகள். அவை நின்றுபோயின. ஆனால் அந்தத் தொழில் கற்றுத்தந்த உண்மை நிற்கிறது. மூழ்குகிறவனுடைய தைரியத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். சாகசத்தில் இறங்குமுன் தன் கயிற்றை யார் கையில் கொடுப்பது என்று அவன் செய்யும் ஆலோசனையைப் பற்றிப் பேசுவதில்லை. சிதம்பரனார் அந்த ஆலோசனையைச் செய்தவர். ஜமீன்தாரும் முஸ்லிம் வணிகரும் வக்கீலும் ஒரே கயிற்றைப் பிடித்து நின்றார்கள்.

ஆயினும் கடல் அவரைச் சோதிக்காமல் விடவில்லை. முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றிலிருந்து கப்பல்களை வாடகைக்கு எடுத்தே வியாபாரம் தொடங்கியது. போட்டிக் கம்பெனியாரின் நெருக்குதலால் அந்தக் குத்தகை முறிந்தது. கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை அமர்த்திச் சமாளித்த சிதம்பரனார், சொந்தக் கப்பல் இல்லாமல் இது நடவாது என்று கண்டு, அவற்றைப் பெறுவதற்காகப் பம்பாய்க்குப் புறப்பட்டார். திரும்பினால் கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுந்து மாய்வேன் என்று அவர் சங்கல்பம் செய்துகொண்டதாகவும், அச்சமயம் மகன் நோயுற்றும் மனைவி கர்ப்பவதியாகவும் இருந்ததாகவும் அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 1,300 சாதாரணப் பயணிகளும் 4,000 மூட்டைச் சரக்கும் செல்ல இடமிருந்தது. தூத்துக்குடிக் கரையில் ஜனங்கள் திரண்டு நின்று, கண்ணுக்கு எட்டிய தூரத்தில் அவை நங்கூரமிட்டதைக் கண்டு கொண்டாடினார்கள்.

அதன் பிறகு தொடங்கியது கட்டணப் போர். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய்க்கு இறங்கியது. அவர்கள் இலவசமாகவே ஏற்றிச் செல்வதோடு பயணிகளுக்குக் குடையும் கொடுப்பதாக அறிவித்தார்கள். பெருமுதலின் பலம் எப்படிப்பட்டது என்பதை அறிய இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. நஷ்டத்தைப் பல ஆண்டுகள் தாங்கக்கூடியவனும் சில மாதங்களே தாங்கக்கூடியவனும் ஒரே விலைக்கு விற்கத் தொடங்கினால், முடிவு என்னவாகும் என்று சிதம்பரனாருக்குத் தெரியாமல் இராது. தெரிந்தும் அவர் பின்வாங்கவில்லை. 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது தம் தோழர் சுப்பிரமணிய சிவாவுடன் சேர்ந்து அவர்களுக்குத் துணைநின்றார். கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் அவர்களுக்குக் கிடைத்தன. அந்த வெற்றிக்குப் பின் சில தினங்களில், மார்ச் 12 அன்று, கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு, 1912 டிசம்பரில் அவர் விடுதலை பெற்றபோது வாசலில் காத்திருந்தவர்கள் மிகச் சிலரே. கம்பெனி அதற்கு முன்பே, 1911-இல், கலைக்கப்பட்டுவிட்டது.

இதை மறைத்துவிட்டுச் சாகசத்தின் பெருமையை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கியவர், பின்பு தேறவேயில்லை. மனைவி மீனாட்சி அம்மாள் பட்ட கஷ்டத்துக்கு அளவில்லை. ஒருவர் தம் வழக்கத்தை உடைக்கும்போது வீட்டிலுள்ள மற்றவர்களின் வழக்கமும் உடைகிறது. அதற்கான விலையைப் பெரும்பாலும் பெண்களே செலுத்துகிறார்கள். இந்தக் கணக்கைப் பார்க்காமல் துணிகிறவனைத் தைரியசாலி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சிதம்பரனாரை நான் போற்றுவது, அந்த விலை தமக்காக அன்று, பிறருக்காகச் செலுத்தப்பட்டது என்பதனாலேயே.

தனி ஒருவன் தன் உடலையும் மனத்தையும் சோதித்துப் பார்க்கும் சவால்களும் உண்டு. அவற்றை நான் தாழ்வாக எண்ணவில்லை. இதே கடலின் வடபகுதியாகிய பாக் நீரிணையை, 1954-இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி முதன்முதலாக நீந்திக் கடந்தார். கல்கத்தா பாரிஸ்டர் மிஹிர் சென், ஆங்கிலக் கால்வாயை 1958-இல் நீந்தியவர், 1966-இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்தார். அதே வருஷத்தில் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ் ஜலசந்திகளையும் பனாமாக் கால்வாயையும் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன், அவரும் சட்டம் படித்தவரே, 1971-இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்து, அங்கிருந்து திரும்பவும் நீந்தியே போனார். 1984-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர் நீத்தார். சட்டப் புத்தகத்துக்கும் உப்புத் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று வியக்கத் தோன்றும். நாள் முழுவதும் பிறர் வழக்கைப் பேசுகிற வாழ்க்கையில், தனக்கென ஒரு சோதனையை உள்ளம் தேடுவது இயல்புதான் போலும்.

ஆனால் சிதம்பரனாருக்கு வாய்த்த மிகக் கடினமான சவால் கடலில் இல்லை. கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் இருந்தது. அங்கே வழக்கம் என்பது மனிதனை அழிப்பதற்காகவே ஏற்பட்ட யந்திரம். விடிந்தால் வேலை, அடைந்தால் இருட்டு. மாடு இழுக்க வேண்டிய செக்கை வெயிலில் மனிதன் இழுக்கவேண்டும். தப்பிச் செல்ல வழியற்ற அந்தச் சுற்றுக்குள், தமக்கென்று வேறொரு நியமத்தை அவர் ஏற்படுத்திக்கொண்டார். ஆங்கில ஆசிரியர் ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கினார்; ‘மனம்போல வாழ்வு’ அவ்வாறு பிறந்தது. ‘மெய்யறம்’ என்ற நீதி நூலையும், தம் சுயசரிதையைச் செய்யுளாகவும் எழுதத் தொடங்கியது சிறையில்தான். வெளியே இருக்கும் நமக்கு நேரம் போதவில்லை, சூழ்நிலை சரியில்லை, வயதாகிவிட்டது என்று காரணங்கள் வரிசையாக வந்து நிற்கும்போதெல்லாம், பகலெல்லாம் செக்கிழுத்த கை இரவில் எழுதுகோல் பிடித்ததை நினைத்தால் அவை ஒவ்வொன்றாக விலகும்.

விடுதலையானபோது, வக்கீல் தொழில் செய்வதற்கான சன்னது பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் மளிகைக் கடையும் மண்ணெண்ணெய் வியாபாரமும் செய்து பார்த்தார். கோயம்புத்தூரில் காலம் தள்ளினார். வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் தயவால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். இத்தனை அலைச்சலுக்கு நடுவிலும் திருக்குறளின் மணக்குடவர் உரையையும், தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையையும் பதிப்பிக்கும் வேலையில் ஈடுபட்டார். கப்பல் போனது, கல்வியைக் கைவிடவில்லை. 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் காலமானார். அந்தக் கடற்கரையில் பிற்காலத்தில் எழுந்த பெரிய துறைமுகத்துக்கு 2011-இல் அவர் பெயர் சூட்டப்பட்டது.

இதைப் படிக்கும் அன்பர்களில் பலருக்கு முப்பதோ நாற்பதோ கடந்திருக்கும். ஊதியமும் குடும்பமும் ஒழுங்காக நடக்கும். உள்ளத்தின் ஓரத்தில் மட்டும், செய்யவேண்டும் என்று எண்ணி எண்ணித் தள்ளிப்போட்ட ஒரு காரியம் கிடக்கும். ஒரு மொழியைக் கற்பதாகலாம், ஊர்க் குளத்தைத் தூர் வாருவதாகலாம், பாதியில் நின்ற படிப்பாகலாம், நாலு பேரைக் கூட்டி ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்படுத்துவதாகலாம். வேலையை உதறிவிட்டு வரும்படி யாரும் உங்களைக் கேட்கவில்லை. தெரிந்த வித்தையில் எது அதற்கு உதவும் என்று பாருங்கள். சிறிய அளவில் ஆரம்பியுங்கள். கயிறு பிடிக்க நம்பகமான ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த முறை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது, அப்படியே ஒட்டப்பிடாரத்துக்கும் வண்டியைத் திருப்பச் சொல்லி, அந்த வக்கீல் பிறந்த வீட்டையும் அவர்களுக்குக் காட்டுங்கள்.